மடக்கினால்தான் நிற்கும்

போன இதழில் மர மடக்குத் தட்டியைப் பற்றி நாலே வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு இந்த இதழ் பூராவும் தட்டிக்கே என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்வி: ஒரு கடையில் 'பார்ட்டிஷன்' என்கிறார்கள், இன்னொரு கடையில் 'ஸ்கிரீன்'. நல்ல தமிழில் என்ன சொல்வது?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தட்டி. மூங்கில் தட்டி, ஓலைத் தட்டி, வெட்டிவேர்த் தட்டி எல்லாம் நம் வீட்டில் இருந்தவைதானே? அந்த வரிசையில் இது மடக்குத் தட்டி. சீனர்கள் 'பிங்ஃபெங்' என்பார்கள், ஜப்பானியர்கள் 'பியோபு' என்பார்கள். இரண்டுக்கும் காற்றைத் தடுப்பது என்று பொருள். ஜப்பானியச் சொல் கப்பலேறிப் போய் ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும் 'பியோம்போ' ஆகிவிட்டது. சீனர்களும் ஜப்பானியர்களும் குளிர்காற்றைத் தடுக்கத் தட்டி வைத்தார்கள். நாம் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் காற்றை உள்ளே கூப்பிட்டோம். நம் ஊருக்குத் தட்டி செய்கிறவர் இதை மறக்காமல் இருந்தால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி.

கேள்வி: ஹாலில் ஐந்தடி அகலத்தை மறைக்க வேண்டும். ஐந்தடித் தட்டி போதும்தானே?
(வாசகர், சேலம்)

பதில்: போதாது. தட்டி வளைந்து வளைந்து நிற்கும்போது அகலம் குறையும். கணக்கைப் பாருங்கள். 18 அங்குல அகலத்தில் நான்கு பலகைகள். நேராக விரித்தால் 6 அடி. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 120 டிகிரி கோணம் வைத்தால் 5 அடி 2 அங்குலம்தான் மறையும், தரையில் 9 அங்குல ஆழம் பிடிக்கும். செங்கோணமாக மடக்கினால் 4 அடி 3 அங்குலம், ஆழம் 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக உங்களுக்கு வேண்டியது ஆறடித் தட்டி. மரம் வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் அந்த வளைவைக் கோடு போட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். கால் கோட்டை மிதித்தால் இடம் பற்றவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நேராக விரித்து நிறுத்த வழியே இல்லையா?
(அதே சேலம் வாசகர்)

பதில்: ஒரு தபால் அட்டையை மேசை மேல் நிமிர்த்தி வையுங்கள், விழும். நடுவே மடித்து வையுங்கள், நிற்கும். நேராகத்தான் வேண்டுமென்றால் அடியில் குறுக்குக் கட்டை, சுவரில் கொக்கி என்று ஏதாவது பிடிமானம் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: தேக்கு வாங்க வசதி இல்லை. வேறு மரத்தில் செய்தால் நிலைக்குமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: தாராளமாக. பூவரசு, வேம்பு, வாகை, நன்றாகக் காய்ந்த மா எதுவானாலும் சரி. மரத்தின் பெயரைவிட அது காய்ந்திருப்பதுதான் முக்கியம். இடித்த வீட்டின் பழைய கதவு, ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். பல வருஷம் வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம் அது. இழைப்புளி போடும் முன் ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். ஈட்டி மரத்தின் கருமை பிடிக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஈட்டியும் வட இந்தியச் சீசமும் சேர்ந்த மரப் பேரினம் முழுவதும் 2017-லிருந்து உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அந்த ஆசைக்குப் பழைய மரச்சாமான்தான் நல்ல வழி.

எடையையும் மறக்காதீர்கள். ஐந்தரை அடி உயரம், 18 அங்குல அகலம், 20 மில்லிமீட்டர் கனத்தில் முழுத் தேக்குப் பலகை சுமார் 10 கிலோ வரும். நான்குக்கு 40 கிலோ. அதையே சட்டம் கட்டி நடுவில் 6 மில்லிமீட்டர் பலகை பதித்தால் ஒன்று 6 கிலோவுக்குள் அடங்கும். வீட்டில் ஒருவர் தனியாக நகர்த்த முடியாத தட்டி ஒரு மாதத்தில் சுவர் ஓரமாகப் போய்விடும்.

கேள்வி: ஐப்பசியில் செய்து கொடுத்த தட்டி, சித்திரையில் நடுப்பலகை 'டப்' என்று வெடித்துவிட்டது. ஆசாரி பச்சை மரம் போட்டு ஏமாற்றிவிட்டாரா?
(வாசகி, மதுரை)

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கும் இதேதான் நடந்தது. நான் செய்த முதல் தட்டி, நல்ல காய்ந்த தேக்கு. பலகை ஆடக் கூடாது என்று நாலு பக்கமும் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் பசை ஊற்றி இறுக்கினேன். மழைக்காலம் முழுவதும் கல் மாதிரி இருந்தது. பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மேலிருந்து கீழ் வரை ஒரு முடி நுழையும் அளவுக்கு விரிசல். ஒரு வாரத்தில் அதில் தீக்குச்சி நுழைந்தது. அந்தப் பலகை இன்னமும் என் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

வெட்டிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். நாரின் நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று சொல்லலாம். அசைவதெல்லாம் அகலத்தில். ஒரு அடி அகலத் தேக்குப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஏசி அறையில் வைத்தால் இன்னும் காயும். சுருங்க வழி விடாமல் பிடித்து வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே காடியை 10 மில்லிமீட்டர் ஆழம் வெட்டுங்கள், பலகையை 7 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே விடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் காலி. பசை வேண்டாம். பலகை நகர்ந்துவிடும் என்று பயமாக இருந்தால் மேல் விளிம்பின் மத்தியில் ஒரு சொட்டு, கீழ் விளிம்பின் மத்தியில் ஒரு சொட்டு. அப்போது அகலம் இரு பக்கமும் சமமாக விரியும், சமமாகச் சுருங்கும். இன்னொன்றும் செய்யுங்கள். பலகையைச் சட்டத்துக்குள் பூட்டும் முன்பே விளிம்பு வரைக்கும் பாலிஷ் போட்டுவிடுங்கள். பூட்டிய பிறகு போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் பாலிஷ் படாத வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

உங்கள் ஆசாரியையே கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். அவர் சட்டத்தைப் பிரித்து, விரிசலை ஒட்டி, காடியைத் தளர்த்திக் கொடுத்தால் தட்டி பிழைத்துவிடும்.

கேள்வி: சட்டத்தின் மூலைக்கு ஆணி போதாதா? துளையில் செருகும் கழுந்து வெட்டியே ஆக வேண்டுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: ஆக வேண்டும். தட்டியை யாரும் தூக்கி வைப்பதில்லை, ஒரு மூலையைப் பிடித்து இழுப்பார்கள். அந்த இழுப்பு முழுவதும் மூலையில்தான் விழுகிறது. 25 மில்லிமீட்டர் கனச் சட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 மில்லிமீட்டர் கனத்தில் கழுந்து. துளையில் அது கைத்தட்டலுக்கு இறங்க வேண்டும். கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் துளை ஓரம் பிளந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் 'கொரமாண்டல் ஸ்கிரீன்' என்று வைத்திருக்கிறார்களே, அது நம் சோழமண்டலக் கரையில் செய்ததா? எங்கள் ஊரில் அப்படி ஒரு தொழில் இருந்ததா?
(ஆசிரியர், நாகப்பட்டினம்)

பதில்: பெயர் நம்முடையது, வேலை சீனத்துடையது. சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் கொரமாண்டல் ஆயிற்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவில் செய்த அந்தத் தட்டிகள் நம் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் மாறி ஐரோப்பாவுக்குப் போயின. வாங்கியவர்கள் சரக்கு வந்த வழியையே அதன் ஊராக நினைத்துவிட்டார்கள்.

அதைச் செய்த விதம் கேளுங்கள். மரப்பலகை மேல் மாவு போன்ற பூச்சைப் பல அடுக்கு பூசி வழவழப்பாக்குவார்கள். அதன் மேல் கறுப்போ பழுப்போ ஆன 'லாக்கர்' பூச்சு. அந்தப் பளபளப்பை உளியால் கீறி, அடியிலிருக்கும் வெள்ளைப் பூச்சு வரை தோண்டி எடுத்து, பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். கோடுகள் மட்டும் கறுப்பாக எழுந்து நிற்கும். அநேகமாகப் பன்னிரண்டு பலகைகள், ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பல தட்டிகள் பெரியவர்களின் பிறந்த நாளுக்குக் கொடுத்த பரிசு. முன்பக்கம் அரண்மனைக் காட்சி, பின்பக்கம் வாழ்த்துரை.

ஐரோப்பாவில் அவற்றில் பலவற்றை அறுத்தார்கள். சுவருக்குப் பதித்தார்கள், அலமாரிக் கதவாக்கினார்கள். பன்னிரண்டு பலகைகளில் ஓடிய ஒரு கதையைத் துண்டு போட்டு, ஒரு அலமாரியில் குதிரையின் தலை, இன்னொன்றில் அதன் கால். படத்தில் பார்த்தாலே எனக்கு வயிறு பிசையும். உங்கள் மாணவர்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாத தொழிலை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் உலகத்தின் மிக அழகான தட்டிகள் நம் கரையின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன என்பது உண்மை.

கேள்வி: நான்கு பலகைகளிலும் தொடர்ச்சியாக ஒரே ஓவியம் வரைய ஆசை. ஒரு பெரிய முகம் என்று நினைத்திருக்கிறேன்.
(ஓவிய மாணவி, புதுச்சேரி)

பதில்: முகம் மடிப்பில் விழுந்தால் மூக்கு முன்னாலும் கண் பின்னாலும் போய்விடும். தட்டி ஓவியம் சுவர் ஓவியம் இல்லை. பாதிப் பலகைகள் இடப்பக்கம் பார்க்கும், பாதி வலப்பக்கம் பார்க்கும். ஜன்னல் வெளிச்சம் ஒன்று விட்டு ஒன்றில்தான் நேராக விழும். வாசலிலிருந்து வருகிறவர் பார்ப்பது ஒரு படம், சமையலறையிலிருந்து வருகிறவர் பார்ப்பது வேறு படம். இதைத் தொந்தரவு என்று நினைக்கிறவர் சட்டம் போட்ட ஓவியம் வரையலாம்.

டோக்கியோவில் நெசு அருங்காட்சியகத்தில் ஜப்பானிய ஓவியர் ஓகாதா கோரின் வரைந்த நீலப் பூக்கள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தட்டிக்கு ஆறு பலகை வீதம் ஒரு ஜோடி. பூரா தங்க ரேக்கு, அதன் மேல் ஐரிஸ் பூக்கொத்துகள், நீலமும் பச்சையும் மட்டும். தண்ணீர் இல்லை, பாலம் இல்லை, கரை இல்லை. புத்தகத்தில் தட்டையாக அச்சடித்ததைப் பார்த்தால் கொத்துகள் ஏறி இறங்கி ஓடுவது மட்டும் தெரியும். மடக்கி நிறுத்தினால் ஒரு கொத்து நம் பக்கம் வரும், அடுத்தது விலகிப் போகும். குளத்தங்கரையில் நடக்கிற மாதிரி இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: பழுப்புத் தாளை முழு அளவில் ஒட்டி, கரியால் வரைந்து, மடித்து, தரையில் நிறுத்துங்கள். ஒரு நாள் காலையிலும் மாலையிலும் பாருங்கள். முகம்தான் வேண்டும் என்றால் அதை ஒரே பலகைக்குள் வையுங்கள். கூந்தலை மடிப்பில் ஓட விடுங்கள். கூந்தல் எங்கே மடிந்தாலும் அழகுதான்.

கேள்வி: கீல் வெளியே தெரியாமல், இரண்டு பக்கமும் மடங்குகிற மாதிரி செய்ய முடியுமா?
(வாசகர், கோவை)

பதில்: இருவழிக் கீல் என்றே கடையில் கிடைக்கும், தடியாக இருக்கும். அதைவிட அழகான வழியை ஜப்பானியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பலகையில் துளை போட்டுத் தோல் வாரோ பட்டுக் கயிறோ கட்டுவார்கள். ஒவ்வொரு பலகைக்கும் தனிச் சட்டம், தனிப் படம். காகிதக் கீல் வந்த பிறகு பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி ஒழிந்தது. ஒரே படம் எல்லாப் பலகைகளிலும் ஓட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கெட்டியான கேன்வாஸ் துணியில் செய்யலாம். இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வையுங்கள். உயரத்தை ஆறு பட்டைகளாகப் பிரியுங்கள். முதல் பட்டைத் துணி இடப்பலகையின் முன்பக்கம் ஒட்டி, இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே புகுந்து, வலப்பலகையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். இரண்டாவது பட்டை நேர்மாறு: இடப்பலகையின் பின்பக்கம் தொடங்கி வலப்பலகையின் முன்பக்கம். மூன்றாவது முதல் மாதிரி, நான்காவது இரண்டாவது மாதிரி. இப்படியே கீழ் வரை. விளிம்பில் மட்டும் பசை படவே கூடாது. முடித்ததும் முன்னாலும் மடங்கும், பின்னாலும் மடங்கும், விரித்தால் சந்தில் வெளிச்சம் தெரியாது. முதலில் இரண்டு தபால் அட்டையிலும் செய்தித்தாள் துண்டிலும் செய்து பாருங்கள். கையில் அது இரண்டு பக்கமும் புரளும்போது சிரிப்பு வந்துவிடும்.

கேள்வி: பித்தளைக் கீல் பூட்டும்போது பித்தளைத் திருகாணி தலை முறிந்து உள்ளேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
(தச்சர், திருநெல்வேலி)

பதில்: உங்களுக்கு நான் சொல்லித் தருவதா என்று தயங்கினேன், ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். முதலில் ட்ரில்லில் துளை. அதே அளவு இரும்புத் திருகாணியை உள்ளே ஓட்டிக் கழற்றுங்கள். மரை விழுந்துவிடும். பிறகு பித்தளையை மெழுகுவத்தியில் ஒரு தேய்ப்பு தேய்த்துப் போடுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும். கீல் ஒரு சந்துக்கு மூன்று. முதல் சந்தில் முன்பக்கம் பூட்டினால் அடுத்த சந்தில் பின்பக்கம். இது மாறினால் தட்டி சுருண்டு டப்பா ஆகிவிடும்.

கேள்வி: சிக்குக் கோலத்தை அப்படியே மரத்தில் துளைத்துப் பின்னல் (ஜாலி) வேலைப்பாடாகச் செய்யலாமா?
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: யோசனை அருமை, வெட்டும் இடத்தில்தான் கவனம். மரத்தில் நார் ஒரே திசையில் ஓடுகிறது. சிக்குக் கோலத்தின் வளைவு எல்லாத் திசையிலும் ஓடுகிறது. நாரோடு போகிற இடத்தில் கோடு வலுவாக இருக்கும். நாருக்குக் குறுக்கே திரும்புகிற இடத்தில் பிஸ்கட் மாதிரி ஒடியும். வளைவின் திருப்பத்தில் விரலால் அழுத்தினாலே போதும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூன்று மெல்லிய பலகைகளை நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதில் துளையிட்டு, மெல்லிய ரம்ப அலகைத் துளைக்குள் விட்டு அறுப்பது. கோடு முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு, வளைவை விட்டுவிட்டு நேர்கோட்டுக் கோலத்தை எடுத்துக்கொள்வது. குச்சிகளைப் பாதிக்குப் பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைத்தால் ஆணியே வேண்டாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். புள்ளிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோடுகளுக்கு நடுவே காலியாக விடுங்கள். மாலை வெயில் அந்த வழியாக வந்து தரையில் புள்ளி வைத்துவிட்டுப் போகும்.

கேள்வி: பிளைவுட்டில் செய்தால் கௌரவக் குறைச்சலா?
(வாசகர், கொழும்பு)

பதில்: இல்லவே இல்லை. வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1946-ல் வளைத்த பிளைவுட்டும் கேன்வாஸ் கீலும் வைத்துச் செய்த தட்டியை இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்கள் அமெரிக்கக் கடற்படைக்குக் கால் எலும்பு முறிந்தவர்களுக்கான பிளைவுட் கட்டு செய்தவர்கள். வளைக்கும் வித்தை அங்கே கைவந்தது. உங்கள் தட்டியில் விளிம்புக்கு மட்டும் நல்ல மரப்பட்டி ஒட்டிவிடுங்கள். கை படுகிற இடம் விளிம்புதான்.

கேள்வி: பாலிஷ் எது நல்லது?
(வாசகர், திருச்சி)

பதில்: அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சி சுரக்கிற பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் மெல்லிசாகப் பல தடவை. சூடான டம்ளர் வைத்தால் அரக்கில் வெள்ளை வட்டம் விழும் என்பது ஒன்றுதான் குறை. தட்டி மேல் யார் டம்ளர் வைக்கப் போகிறார்கள்? முன்பக்கம் எத்தனை கை போடுகிறீர்களோ பின்பக்கமும் அத்தனை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: பழைய வீடு, தரை மேடு பள்ளம். தட்டி ஆடுகிறதே?
(வாசகி, காரைக்குடி)

பதில்: அடி விளிம்பு முழுவதும் தரையில் படுகிறதா? நடுவை அரை அங்குலம் குடைந்து, ஓரத்தில் இரண்டு கால் மட்டும் நிற்கும்படி விடுங்கள். பலகைகளின் பின்னால் 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள், பழைய மளிகைக் கடைப் பலகைக் கதவில் போட்டிருப்பார்களே, அதுபோல. எந்தத் தரைக்கு எந்தப் பலகை என்று ஒரு முறை பார்த்து வைத்தால் போதும்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, ஹாலில் கட்டில் போட்டிருக்கிறோம். வருகிறவர்கள் போகிறவர்கள் நடுவே படுத்திருக்க அம்மா கூச்சப்படுகிறார். அவருக்காக ஒரு தட்டி நானே செய்ய நினைக்கிறேன். மூன்று மாதமாகத்தான் மரவேலை கற்கிறேன். எப்படிச் செய்வது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களே செய்யுங்கள். மூன்று பலகை போதும், சாதாரணச் சட்டம், சாதாரணக் கீல்.

தட்டி செய்கிற எல்லோரும் நின்றுகொண்டு பார்க்கிறவருக்காகச் செய்கிறார்கள். உங்கள் அம்மா படுத்துக்கொண்டு பார்க்கிறார். நல்ல வேலைப்பாடு வெளிப்பக்கம் போகக் கூடாது, கட்டில் பக்கம் வர வேண்டும். தரையிலிருந்து மூன்றரை அடி வரை மூடிய பலகை, அதற்கு மேல் குச்சி ஜாலி. அவருக்கு மறைவும் வேண்டும், காற்றும் வேண்டும், யார் வந்திருக்கிறார்கள் என்று குரலும் கேட்க வேண்டும். தலைமாட்டுப் பலகையில் அவர் கை எட்டும் உயரத்தில் மூக்குக்கண்ணாடி மாட்ட ஒரு சின்ன மரக் கொக்கி வையுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுங்கள். அவர் எழுந்து நடக்கத் தொடங்கும்போது பிடிமானத்துக்குத் தட்டியைப் பிடித்துவிடக் கூடாது, அது சாயும். ஆகவே கட்டிலிலிருந்து ஒரு கை தள்ளி நிறுத்தி, சுவர்ப் பக்கப் பலகையைச் சுவரில் கொக்கி போட்டுக் கட்டிவிடுங்கள்.

மரம் வாங்கும் முன் அம்மா கட்டிலில் ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு நேரே எது வருகிறதோ அந்த உயரத்தை அளவு நாடாவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூ செதுக்குவதாக இருந்தால் அந்த உயரத்தில் செதுக்குங்கள். அம்மாவுக்கு எந்தப் பூ பிடிக்கும் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை.